பாட்டும் ஊர் நினைப்பும்

சோகப் பாட்டு மனிதனுடைய துயரத்தைத் தணிக்கிறதா, வளர்க்கிறதா? இந்தக் கேள்வி புதிதன்று. முந்நூறு ஆண்டுகளாக வைத்தியர்களும், படைத்தலைவர்களும், தத்துவ ஞானிகளும், ஒலிபரப்பு நிலையத்து அதிகாரிகளும் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். சில வேளைகளில் வாதத்தோடு நில்லாமல் பாட்டையே தடை செய்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுவதே இப்பேச்சின் நோக்கம்.

சொந்த மாநிலத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியிருக்கும் நமக்கு இது வெறும் ஏட்டு விஷயம் அன்று. பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட முதியோர், பழைய பாட்டொன்றைக் கேட்டதும் கண்கலங்குவது உண்டு. வீட்டார் பதறிப்போய் வானொலியை நிறுத்திவிடுவதும் உண்டு. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் அது சரியான செயல்தானா? விடை காண நாம் முதலில் ஆல்ப்ஸ் மலைச்சாரலுக்குப் போகவேண்டும்.

1688-ஆம் ஆண்டில், ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பாஸல் நகரச் சர்வகலாசாலையில், யோஹன்னஸ் ஹோஃபர் என்ற பத்தொன்பது வயது மருத்துவ மாணவர் ஓர் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். தாய்நாட்டைப் பிரிந்தவர்களுக்கு உண்டாகும் ஏக்கமே அதன் பொருள். மக்கள் பேச்சில் அதற்குப் பெயர் இருந்தது. வைத்திய நூல்களில் இல்லை. ஆகவே ஹோஃபர் கிரேக்க மொழியிலிருந்து இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கு வீடு திரும்புதல் என்று பொருள். மற்றொன்றுக்கு நோவு என்று பொருள். இரண்டையும் இணைத்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் சூட்டினார். பள்ளிப் பருவத்தையும் பழைய திரைப்படங்களையும் நினைத்து மகிழ்வதைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் இச்சொல், பிறந்த காலத்தில் ஒரு வியாதியின் பெயராக இருந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின் மேல் ஓர் அக்கறை உண்டு. சர்க்கார் கோப்புகளில் இது வருவதில்லை. வந்தால் தமிழில் எப்படி எழுதுவது? 'தாயக ஏக்கம்' என்று எழுதலாம். 'பழமை நாட்டம்' என்றும் எழுதிப் பார்க்கலாம். ஆனால் நம் வீடுகளில் சாதாரணமாக வழங்கும் 'ஊர் நினைப்பு' என்ற இரண்டு சொற்களிலேயே ஹோஃபர் கருதியது முழுவதும் அடங்கிவிடுகிறது. ஒருவனுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்றால், அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கும்.

ஹோஃபர் குறித்துவைத்த நோயாளிகளுள் ஒருவன், பெர்ன் நகரத்திலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த மாணவன். இரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள தூரம் இன்று ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணம், அவ்வளவுதான். அந்தத் தூரமே அவனைப் படுக்கையில் தள்ளியது. காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் மிகுந்து, பிழைக்கமாட்டான் என்று கருதும் நிலை வந்தது. ஊருக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்தச் செய்தி காதில் விழுந்ததும் அவன் மூச்சு சீரடையத் தொடங்கியது. பெர்ன் போய்ச் சேருமுன்பே உடம்பு தேறிவிட்டது. மருந்து எதுவும் செய்யாததை ஒரு சொல் செய்தது. ஆயினும், உள்ளத்து நோவை உள்ளத்தைக் கொண்டே ஆற்றலாம் என்ற எண்ணம் அக்காலத்து வைத்தியர்களுக்கு எளிதில் தோன்றவில்லை. 1705-ஆம் ஆண்டில் ஷாய்க்ஸர் என்ற ஸ்விஸ் அறிஞர், மலைநாட்டார் சமவெளிக்கு இறங்கிவரும்போது கனத்த காற்று அவர்கள் உடம்பை நெருக்குவதே இந்த நோய்க்குக் காரணம் என்று விளக்கம் சொன்னார். கடலோரச் சமவெளியிலிருந்து வந்து சிம்லா மலைக் குளிரில் வேலை பார்த்த தமிழர்களைக் கண்டிருந்தால், தம்முடைய சித்தாந்தத்தை அவர் தலைகீழாக மாற்றவேண்டியிருந்திருக்கும்!

இனிப் பாட்டுக்கு வருவோம். அந்நாளில் ஸ்விட்ஜர்லாந்து ஏழை நாடு. அதன் இளைஞர்கள் பிரான்ஸு முதலிய நாட்டு அரசர்களிடம் கூலிப் படைவீரர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஊர்களில் ஒரு வகைப் பாட்டு உண்டு. மலை மேய்ச்சலிலுள்ள பசுக்களைப் பால் கறக்க அழைப்பதற்காக மேய்ப்பர்கள் பாடுவது, மரக்கொம்பிலும் ஊதுவது. உயர்ந்த சாஸ்திரீய சங்கீதம் அன்று. நம் நாட்டு ஏற்றப்பாட்டையும் தாலாட்டையும் போலத் தொழிலோடும் வீட்டோடும் பிறந்த பாமரப் பாட்டு. 1710-ஆம் ஆண்டில், ஸ்விங்கர் என்ற பாஸல் நகர வைத்தியர், ஹோஃபரின் நூலை மீண்டும் வெளியிட்டபோது, இம்மெட்டின் சுரக்குறிப்பையும் சேர்த்து அச்சிட்டார். வேற்று நாட்டிலுள்ள ஸ்விஸ் வீரர்கள் இதைக் கேட்டால் ஊரேக்கத்தில் விழுகிறார்கள் என்பது அவர் கருத்து. வைத்திய நூலில் நோயின் காரணங்களுள் ஒன்றாக ஒரு நாட்டுப்பாடல் இடம்பெற்ற விந்தையை என்னென்பது!

அதே மெட்டைப் பற்றி, ஜெனிவா நகரில் பிறந்த பேரறிஞர் ரூஸோ, 1768-இல் வெளியான தமது சங்கீத அகராதியில் எழுதியிருக்கிறார். இப்பாட்டைக் கேட்ட வீரர்கள் அழுதார்கள், படையை விட்டு ஓடினார்கள், சிலர் ஏக்கத்தால் மடிந்தார்கள் என்றும், ஆதலால் படைகளில் இதை வாசிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று விதிக்கப்பட்டது என்றும் அவர் சொல்லுகிறார். ஆனால் ரூஸோ அதோடு நிற்கவில்லை. இந்த மெட்டில் அப்படி என்ன மாயம் இருக்கிறது என்று ஆராய்ந்து, ஒன்றுமே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். பிற நாட்டார் இதைக் கேட்டால் அவர்களுக்கு யாதொரு சலனமும் ஏற்படுவதில்லை. ஸ்விஸ் வீரனின் கண்ணீர் மெட்டிலிருந்து வரவில்லை. அந்த மெட்டு நினைவூட்டும் மலையிலிருந்தும், தாயிடமிருந்தும், இளமையிலிருந்தும் வருகிறது. இங்கே பாட்டு, பாட்டாக வேலை செய்யவில்லை. நினைவைத் தொட்டு எழுப்பும் ஓர் அடையாளமாக வேலை செய்கிறது என்பது அவருடைய முடிவு.

இந்த முடிவின் பொருளை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். துயரம் பாட்டில் இல்லை, கேட்பவன் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கிறது என்றால், பாட்டைத் தடுப்பதனால் துயரம் போய்விடாது. அதற்கு இருந்த ஒரே குரல் மட்டும் அடைபடும். நோயின் குரலை நோயின் காரணமாகக் கருதியதே அந்தப் படைத்தலைவர்கள் செய்த பிழை. இப்பிழை அவர்களோடு முடிந்துவிடவில்லை. மனவைத்தியம் ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்ந்த கதை முழுவதையும், இந்தப் பிழையிலிருந்து மெல்ல மெல்ல விடுபட்ட கதை என்றே சொல்லலாம்.

ஹோஃபருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1880-க்கும் 1882-க்கும் இடையில், வியன்னா நகரத்து வைத்தியர் யோசெஃப் பிராயர் ஒரு மாதருக்குச் சிகிச்சை செய்தார். தந்தையின் நோய்ப்படுக்கையருகே இரவு பகலாக இருந்து பணிவிடை செய்த அப்பெண்ணுக்குக் கை விளங்கவில்லை. சில காலம் தாய்மொழியாகிய ஜெர்மனே மறந்து, ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். தம் மனத்திலுள்ளதை நாள்தோறும் சொல்லச் சொல்ல அவருக்குச் சற்று ஆறுதல் பிறந்தது. அந்தச் சிகிச்சைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவரும் அவரே. 1895-ஆம் ஆண்டில் பிராயரும் சிக்மண்டு ஃப்ராய்டும் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு இடம்பெற்றது. நூல் காட்டுகின்ற அளவுக்கு அவர் உடனே பூரண குணம் அடையவில்லை என்பதையும், அதன்பின் சிகிச்சை நிலையங்களில் தங்கவேண்டியிருந்தது என்பதையும் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆயினும் ஒரு வாயில் திறந்தது. துயரத்தை அடக்கு என்று உபதேசித்த வைத்தியம், துயரத்தைச் சொல் என்று கேட்கக் கற்றுக்கொண்டது.

இங்கே வேடிக்கையான ஒரு செய்தியும் உண்டு. பிறர் மனத்தின் ஆழத்தில் இறங்கிப் பார்த்த ஃப்ராய்டுக்குச் சங்கீதம் மட்டும் பிடிபடவில்லை. ஒரு கலை ஏன் தம்மைத் தொடுகிறது என்று காரணம் காண முடியாவிட்டால் அதை அனுபவிக்கவும் தம்மால் இயலவில்லை என்று 1914-இல் அவரே எழுதினார். சொல்லாக மாறியதை மட்டுமே அவர் நம்பினார். நம் நாட்டில் இந்தப் புதிய சாஸ்திரத்தை நிலைநாட்டியவர் கிரீந்திரசேகர போஸ். 1922-இல் கல்கத்தாவில் இந்திய மனப்பகுப்பாய்வுக் கழகத்தை அவர் தொடங்கினார். ஃப்ராய்டோடு பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடத்தி, சில கருத்துகளில் அவரோடு மாறுபடவும் தயங்கவில்லை. 1940-இல் அந்நகரிலேயே லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனையும் எழுந்தது.

ஆனால் பேச்சு வைத்தியம் யாருக்குக் கிட்டியது? படித்தவர்களுக்கு, பணமும் ஓய்வும் உடையவர்களுக்கு, தம் உள்ளத்து நிலையைச் சொற்களில் வடிக்கத் தெரிந்தவர்களுக்கு. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் பாடினார்கள். இதற்கு மிகப் பெரிய சான்று அமெரிக்காவிலே காணக் கிடைக்கிறது.

அந்நாட்டின் தென் மாநிலங்களில் அடிமைகளாய் இருந்தவர்களின் வழித்தோன்றல்கள், 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் பேர், சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் முதலிய வடபுல நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தெற்கே இருந்த கொடுமைக்குத் தப்பியும், வடக்கே கிடைத்த ஆலைவேலையை நாடியும் சென்றார்கள். அவர்களோடு சென்ற பாட்டுக்கு 'ப்ளூஸ்' என்று பெயர். 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேமி ஸ்மித் என்ற பாடகியின் ப்ளூஸ் பாட்டு ஒன்று நியூயார்க்கில் ஒலிப்பதிவாயிற்று. கறுப்பின மக்களின் பாட்டை விலை கொடுத்து வாங்க யார் வருவார்கள் என்று எண்ணியிருந்த இசைத்தட்டு வியாபாரிகள் திகைக்கும்படி அது விற்றது. ரயில்களில் பணிபுரிந்த கறுப்பின ஊழியர்கள் கட்டுக்கட்டாகத் தட்டுகளை வாங்கிச் சென்று தென்பகுதி ஊர்களில் விற்றார்கள். பிரிந்துபோனவனுக்கும் ஊரில் தங்கியவனுக்கும் நடுவே அந்த இசைத்தட்டு ஒரு கடிதத்தைப் போலப் போய்வந்தது.

ப்ளூஸ் பாட்டின் அமைப்பு நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. பெரும்பாலும் மூன்று அடிகள். முதலடியில் பாடுபவர் தம் துன்பத்தைச் சொல்லுகிறார். இரண்டாம் அடியில் அதையே ஏறக்குறைய மாற்றமின்றித் திரும்பவும் சொல்லுகிறார். மூன்றாம் அடியில் அதற்கு ஒரு மறுமொழி: சில வேளைகளில் ஒரு தீர்மானம், சில வேளைகளில் ஒரு கேலி, சில வேளைகளில் வெறும் பெருமூச்சு. ஒவ்வோர் அடிக்கும் பின்னே குரல் ஓய்ந்து, வாத்தியம் பதில் சொல்லுகிறது. ஒரு நல்ல மனவைத்தியரின் அறையில் நடப்பதும் இதைப் போன்றதுதானே? நோயாளி ஒன்றைச் சொல்லுகிறார். வைத்தியர் குறுக்கிடாமல் கேட்கிறார். நோயாளி அதையே மறுபடி சொல்லுகிறார். இம்முறை தம் சொல் தமக்கே கேட்கிறது. அதன் பிறகுதான் புதிய சொல் ஒன்று வாயில் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள், பருத்தி வயல்களிலும் சாராயக் கடைகளிலும் இந்த முறையைத் தாமாகவே கண்டுகொண்டார்கள்.

பாட்டும் வைத்தியமும் ஒரே தெருவில் சந்தித்த இடமும் உண்டு. நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், ஒரு மாதாகோவிலின் நிலவறையில், 1946-ஆம் ஆண்டில் லஃபார்க் மனநலச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. அதை நடத்தியவர் ஜெர்மனியில் பிறந்த வைத்தியர் ஃப்ரெடரிக் வெர்தம். உறுதுணையாய் நின்றவர்கள் ரிச்சர்டு ரைட், ரால்ஃப் எல்லிஸன் என்ற இரு பெரும் எழுத்தாளர்கள். வாரத்தில் இரு மாலைகள் மட்டுமே திறந்திருக்கும். கட்டணம் 25 சென்டு. அதுவும் இயலாதவர்களுக்கு இலவசம். வைத்தியர்கள் ஊதியமின்றிப் பணிபுரிந்தார்கள். பிற இடங்களில் வாயிற்படியிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இங்கே உட்கார்ந்து பேசினார்கள். 1950-களின் இறுதி வரை அந்நிலையம் நடந்தது.

எல்லிஸன் முதலில் சங்கீத மாணவர், டிரம்பெட் வாசிப்பவர். அவர் 1948-இல் இந்த நிலையத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தெற்கிலிருந்து வந்தவன் வறுமையை மட்டும் சந்திக்கவில்லை என்பது அவர் வாதம். ஊரிலே அவனைத் தாங்கி நின்ற குடும்பம், கோவில், பழமொழி, சடங்கு ஆகிய ஊன்றுகோல்கள் அனைத்தும் ஒருங்கே விழுந்துவிடுகின்றன. நகரத்திலே தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு விளங்குவதில்லை. ஊர் நினைப்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதன் அடியில் இவ்வளவும் இருக்கிறது. ஊரை மட்டும் ஒருவன் இழப்பதில்லை. அந்த ஊர் அவனை யாராக அறிந்திருந்ததோ, அந்த ஆளையும் சேர்த்தே இழக்கிறான். பாட்டு ஒலிக்கும் சில நிமிஷங்களுக்கு அந்தப் பழைய ஆள் திரும்பி வருகிறான். அவன் வரும்போது கண்ணீரும் வருவதில் வியப்பில்லை.

ஹார்லெம் நிலையம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஸ்விஸ் படைத்தலைவர்களின் பழைய அச்சம் லண்டன் நகரில் மறுபடி தலைதூக்கியது. 1941 நவம்பரில் பி.பி.ஸி. நிலையம் வேரா லின் என்ற பாடகியின் நிகழ்ச்சியைத் தொடங்கியது. கடல் கடந்து போர்முனையிலிருக்கும் வீரர்களுக்கு அவர் வீட்டுச் செய்திகளைச் சொல்லி, பிரிவையும் சந்திப்பையும் பற்றிய மெல்லிய பாட்டுகளைப் பாடினார். வீரர்கள் கொண்டாடினார்கள். மேலிடத்தாரோ, இத்தகைய கண்ணீர்ப் பாட்டு வீரர்களின் நெஞ்சுரத்தைக் கரைத்துவிடும் என்று அஞ்சினார்கள். 1942-இல், உருக்கம் மிதமிஞ்சிய பாட்டுகளை ஒலிபரப்புவதில்லை என்று அந்நிலையம் ஒரு கொள்கையே வகுத்தது. ஆனால் வீரர்களின் விருப்பம் மாறவில்லை. 1944-இல் வேரா லின் இந்தியா வழியாகப் பர்மாப் போர்முனைக்கே சென்று, காட்டிலும் ஆஸ்பத்திரிகளிலும் பாடினார். அந்த வீரர்கள் ஓடிப்போகவில்லை. எதற்காகப் போரிடுகிறோம் என்பதை நினைவூட்டியவை அந்தச் சொந்த விஷயங்களே என்று அவர் பிற்காலத்தில் கூறினார். 2020-இல் தமது 103-ஆம் வயதில் அவர் காலமானார்.

ஏறக்குறைய அதே சமயத்தில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகிலிருந்த எலோயிஸ் மருத்துவமனையில், ஐரா ஆல்ட்ஷூலர் என்ற மனவைத்தியர் நோயாளிகளுக்குச் சங்கீதம் கேட்பித்துச் சோதனை செய்துவந்தார். சோர்ந்து கிடப்பவனுக்குத் துள்ளலான பாட்டைப் போட்டால் அவன் எழுந்திருப்பான் என்றுதான் நாம் நினைப்போம். அவர் கண்டது வேறு. துயரத்திலிருப்பவனுக்கு முதலில் அவன் மனநிலையோடு ஒத்த மெதுவான சங்கீதத்தையே கேட்பிக்கவேண்டும். அது அவன் மனத்தோடு இசைந்த பிறகு, சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு போகவேண்டும். எடுத்த எடுப்பிலே உற்சாகப் பாட்டைத் திணித்தால் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். 'சமம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இம்முறைக்கு அவர் பெயரிட்டார். இசைச் சிகிச்சையாளர்கள் இன்றும் இதைக் கைக்கொள்ளுகிறார்கள். 1944-இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசைச் சிகிச்சைக்கென்று ஒரு படிப்பு தொடங்கியது. 1950-இல் தேசிய சங்கமும் ஏற்பட்டது. போரில் மனம் சிதைந்து திரும்பிய வீரர்கள் மருத்துவமனைகளை நிறைத்ததே இவ்வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். எந்தப் பாட்டுப் படைவீரனைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் அஞ்சினார்களோ, அதையே படைவீரனுக்கு மருந்தாகக் கொடுக்கும் காலம் வந்தது.

நம் நாட்டு வானொலியின் வரலாற்றிலும் இதை ஒத்த ஓர் அத்தியாயம் உண்டு. 1952-இல் பி. வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு மந்திரியானார். சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சங்கீதத் தேசிய நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே தொடங்கியது; வித்துவான்கள் பலருக்கு வானொலி ஆதரவாயிற்று. இந்த நன்மையை மறத்தலாகாது. ஆனால் திரைப்பாட்டை அவர் தரக்குறைவானதாகக் கருதினார். அதற்கான நேரம் சுருக்கப்பட்டது. படத்தயாரிப்பாளர்களோடு பிணக்கு மூண்டு, திரைப்பாட்டே அகில இந்திய வானொலியிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். யுத்த காலத்தில் தென்கிழக்காசியப் படைவீரர்களுக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட ஒலிபரப்புச் சாதனங்களைப் பெற்றிருந்த நிலையம் அது. 1952 டிசம்பரில் அங்கே அமீன் சயானியின் பினாக்கா கீதமாலா தொடங்கி, புதன்கிழமை இரவுகளில் வடநாட்டுத் தெருக்களை வெறிச்சோட வைத்தது. தமிழ்நாட்டு வீடுகளிலோ அந்நிலையத்தின் தமிழ்ச் சேவை ஒலித்தது.

1957 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலி விவித பாரதிச் சேவையைத் தொடங்கி, திரைப்பாட்டை மீண்டும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டது. அதன் நிகழ்ச்சிகளுள் புகழ்பெற்ற ஒன்று, படைவீரர்கள் கடிதம் எழுதிக் கேட்கும் பாட்டுகளை ஒலிபரப்பிய 'ஜெயமாலா'. பனிமலையிலும் பாலைவனத்திலும் காவல் நிற்பவன், இந்தப் பாட்டு எனக்கு வேண்டும் என்று எழுதுகிறான். தேசம் முழுவதும் கேட்க அது ஒலிக்கிறது. ரூஸோ குறித்த மரண தண்டனைக்கும் இந்த நிகழ்ச்சிக்கும் இடையே மனித குலம் கடந்துவந்த தூரத்தை எண்ணிப் பாருங்கள். சாதாரண மக்களின் விருப்பக் கடிதங்களும் இப்படியே குவிந்தன. இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ஜும்ரி திலையா என்ற சிறிய அபிரகச் சுரங்க ஊர், ஓயாமல் பாட்டுக் கேட்டு எழுதியே நாடறிந்த பெயராயிற்று. அந்தக் கடிதங்களிலே பாட்டின் பெயரைவிடக் கேட்பவர்களின் பெயர்ப் பட்டியலே நீளமாயிருக்கும். பாட்டு அவர்களுக்கு முன்பே தெரியும்; அதைத் தனியாக அன்றி, தங்கள் பெயர் சொல்லப்பட்டுப் பலரோடு சேர்ந்து கேட்கவேண்டும் என்பதே அவர்கள் விழைவு.

இவையெல்லாம் வெறும் அநுமானம்தானா என்று கேட்பவர்களுக்கு அண்மைக் கால ஆராய்ச்சிகள் விடை தருகின்றன. 2014-இல் பெர்லின் நகர ஆராய்ச்சியாளர்கள் இருவர் பல நாடுகளைச் சேர்ந்த 772 பேரிடம் சோகச் சங்கீதத்தைப் பற்றி வினவினார்கள். அது தம்முள் எழுப்பும் உணர்ச்சியாக மிகுதியானோர் குறிப்பிட்டது துக்கத்தை அன்று. பழைய நினைவின் இனிய ஏக்கத்தையே. அதற்கு முன், 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, சீனத்துக் கிராமங்களிலிருந்து பெற்றோருடன் குவாங்ஜோ நகரத்துக்குக் குடிபெயர்ந்த சிறுவர்களிடம் நடத்தப்பட்டது. தனிமை மிகுந்தபோது அச்சிறுவர்களிடம் பழைய நினைவும் மிகுந்தது; அந்த நினைவோ, தமக்குத் துணையாக மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்ச்சியைக் கொடுத்துத் தனிமையின் கொடுமையைக் குறைத்தது. ஹோஃபர் நோய் என்று பெயரிட்டதற்குள்ளேயே மருந்தின் ஓர் அம்சமும் இருந்தது என்று இதிலிருந்து நாம் அறிகிறோம்.

ஆகவே வீட்டிலுள்ள முதியவர் ஒரு பாட்டுக்குக் கண்கலங்கினால், விசையைத் திருப்பி அதை நிறுத்த நாம் விரையவேண்டியதில்லை. அப்படிச் செய்வது, அன்பினால் செய்தாலும், அந்தப் பழைய படைத்தலைவர்கள் செய்த காரியமே. 'எதற்கு இந்த அழுகைப் பாட்டு, சிரிப்பாக ஏதாவது கேளுங்கள்' என்பது, ஆல்ட்ஷூலர் கூடாது என்று விலக்கிய வழி. அதைவிட, அந்தப் பாட்டு முடியும் வரை பக்கத்தில் அமர்ந்திருந்து, 'இதை முதலில் எங்கே கேட்டீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கொட்டகையின் பெயர் வரும், உடன் வந்தவர்களின் பெயர் வரும், ஊர் வரும். பேச்சு வைத்தியமும் பாட்டு வைத்தியமும் அவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பிள்ளைகளும் அருகிலிருந்து கேட்டால், தாம் பிறவாத ஊரைப் பற்றி அவர்களுக்கும் நாலு விஷயம் தெரியவரும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லாமல் முடித்தல் முறையன்று. எல்லாத் துயரத்தையும் பாட்டு ஆற்றிவிடாது. ஒரே கவலையை ஓயாமல் மனத்தில் அரைத்துக்கொண்டிருக்கும் இயல்புடையவர்கள் சோகப் பாட்டையே தேடித் தேடிக் கேட்டு மேலும் தாழ்ந்துபோவதும் உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ப்ளூஸ் பாட்டிலே மூன்றாவது அடி ஒன்று இருந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். முதல் இரண்டு அடியிலேயே ஒருவர் சுழன்றுகொண்டிருந்தால், தனியே கதவடைத்துக் கேட்டால், வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் கெட்டிருந்தால், அப்பொழுது வேண்டியவர் வைத்தியர். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய 'டெலி-மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் அங்கே பேசமுடியும். வேற்று மாநிலத்தில் இருப்பவர் தம் துயரத்தைத் தம் தாய்மொழியிலேயே சொல்ல வாய்ப்பிருப்பது சிறிய நன்மை அன்று.

ஹோஃபரின் நோயாளிக்கு ஊருக்குப் போகலாம் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட முடியாது. வேலை இங்கே இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இங்கே இருக்கிறது. சிலருக்கு ஊரில் வீடே இல்லை. திரும்ப முடியாதவர்களுக்காகவே மனிதன் பாட்டைப் படைத்திருக்கிறான் போலும். அதைக் கேட்டுக் கண்கலங்குவது பலவீனம் அன்று. கலங்குபவரின் அருகில் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருக்கவேண்டும் என்பதே, இந்த முந்நூறு ஆண்டு வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.